கர்ப்பப்பை முகாமும் பர்மனென்ட் வேலையும்

மந்தாரக்குப்பத்தில் இரும்புக் குழாயில் பந்தல் போட்ட முதல் ஆள் நான். சவுக்குக் கட்டை இல்லாமல் பந்தல் நிற்குமா என்று சிரித்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கே அதைப் போட்டு, அவரையே அதன் அடியில் உட்கார வைத்தேன். இந்த வட்டாரத்தின் முதல் சுழல் மேடை என்னுடையது. மாப்பிள்ளைக்குத் தலைசுற்றியது வேறு விஷயம். ஊர் ஊராகக் கரன்ட் அனுப்புகிற நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜெனரேட்டரை வாடகைக்கு விட்டே வீடு கட்டினேன். இதைவிடப் பெரிய சாமர்த்தியம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பு இல்லை. குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் மாமன் மச்சான் யாரும் இல்லை. கையில் கயிறு இருந்தது, கண்ணில் அளவு இருந்தது. அவ்வளவுதான்.

இப்போது தொழிலை மருமகன் பார்த்துக்கொள்கிறார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை 'ஈவென்ட்' என்கிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் கல்யாணத்தையும் காதுகுத்தையும் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். ஜனம் தானாக வரும், சாப்பிடும், சாம்பாரைக் குறை சொல்லிவிட்டுப் போகும். ஒருவன் பந்தல்காரனா இல்லையா என்பது மருத்துவ முகாமில்தான் தெரியும். அதிலும் பெண்களுக்கான முகாமில். அப்படி ஒன்றை மட்டும் சொல்கிறேன். துணி இழுப்பது, முடிச்சுப் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். சம்பந்தப்பட்ட பெண் சம்மதம் கொடுத்துத்தான் சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எல்லார் கைக்கும் டச் போன் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. டவுன்ஷிப் பெண்கள் சங்கம் ஒன்று, காண்டிராக்ட் தொழிலாளிகள் வீட்டுப் பெண்களுக்காக மந்தாரக்குப்பத்தில் முகாம் வைத்தது. கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வருவதற்கு முன்பே அதன் அறிகுறியைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை. வெளியூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். வினிகர் மாதிரி ஒரு திரவத்தைப் பஞ்சில் தொட்டு உள்ளே வைப்பார்களாம்; கோளாறு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியுமாம். கத்தி இல்லை, ஊசி இல்லை, சில நிமிஷ வேலை. முப்பது வயதைத் தாண்டிய பெண்கள், ஒரு நோவும் இல்லாதவர்கள்கூட, இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். இவ்வளவு சுலபமான காரியத்துக்குக் கூட்டம் வராமலா போகும் என்று நான் என்னிடம் இருந்ததையெல்லாம் இறக்கினேன்.

கடைத்தெருவில், டீக்கடைக்கு நேர் எதிரே, ரோட்டைப் பார்த்துத் திறந்த பந்தல். சீரியல் பல்பு. வாசலில் வாழை மரம். கோயில் திருவிழாவுக்கு நான் அழைக்கிற அறிவிப்பாளனை ஆட்டோவில் ஏற்றித் தெருத் தெருவாக அனுப்பினேன். இடி மாதிரி குரல் அவனுக்கு. சங்கத்தார் எழுதிக் கொடுத்ததோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்போம். அவன் தன் கைச்சரக்கையும் சேர்த்தான்.

"தாய்மார்களே! பெரியோர்களே! வெள்ளைப்படுதலா? அடிவயிற்றில் வலியா? வெட்கப்படாதீர்கள்! சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து, முகாமைச் சிறப்பித்துத் தருமாறு..."

வெட்கப்படாதீர்கள் என்று அத்தனை பெரிய குரலில் சொன்னால் யார்தான் வெட்கப்படமாட்டார்கள்? ஆட்டோ நுழைந்த தெருவிலெல்லாம் கதவு சாத்தும் சத்தம் கேட்டதாம். அதைக் கைதட்டல் என்று நினைத்துக்கொண்டு அவன் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கிறான். ஷிப்ட் முடிந்து வந்த ஆண்களோ டீக்கடை பெஞ்சில் பந்தலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்கள், எந்த வீட்டுப் பெண் வருகிறாள் என்று பார்ப்பதற்கு.

மத்தியானம் வரை வந்தது இரண்டே உயிர். கண் ஆபரேஷன் முகாம் என்று நினைத்து வந்த ஒரு பெரியவர். வாழை மரத்தைத் தின்ன வந்த ஒரு ஆடு. பெரியவருக்கு டாக்டரம்மா பிரஷர் பார்த்து அனுப்பினார். ஆட்டை நான் பார்த்துக்கொண்டேன்.

"பந்தல்காரரே, இது பரிசோதனையா, தெருக்கூத்தா?" என்றார் டாக்டரம்மா. "இந்த வெளிச்சத்துல, இத்தனை ஆம்பளைங்க பாக்க, நானே உள்ள வர யோசிப்பேன். நாளைக்கும் இப்படியே இருந்தா கருவியெல்லாம் எடுத்துக்கிட்டு வேற ஊருக்குப் போயிடுவோம்."

நான் அறிவிப்பாளனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது என் வீட்டுக்காரி ஓரமாகக் கூப்பிட்டாள். முகாம்களில் சாப்பாடு, மோர், தண்ணீர் எல்லாம் அவள் பொறுப்பு.

"அவன வையறத வுடுங்க. நம்ம காந்திமதி நாளைக்கு உள்ள போயே ஆவணும்."

காந்திமதி எங்கள் ஷெட்டில் நாற்காலி கழுவுகிறவள். முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் ஏழுமலை சுரங்கத்தில் காண்டிராக்ட் கூலி. ஒரே ஒரு பெண் குழந்தை.

"அவளுக்கு என்னா?"

"நீங்க ஆம்பள, உங்களுக்கு எதுக்கு அந்த விவரம்? நடுநடுவுல ரத்தம் படுதாம், மாசக்கணக்கா. டாக்டரம்மாகிட்ட காட்டிக்கிறேன்னு வூட்ல கேட்டிருக்கா. மாமியாக்காரி முடியாதுன்னுட்டா. உள்ள போனா கர்ப்பப்பைய எடுத்துடுவாங்க, அப்பறம் எனக்குப் பேரன் எங்கருந்து வரும்னு கேக்கறாளாம். ஏழுமலையும் அவங்கம்மா சொல்றதக் கேட்டுகினு தலையாட்டறான்."

"விவரம் வேணாம்னுட்டு எல்லாத்தையும் சொல்லிட்டியே."

"சொல்லலன்னா உங்களுக்கு எப்புடி மூள ஓடும்?"

ஓடியது. ஜனம் கூச்சம் பார்க்காமல் வரிசையில் நின்று, முன்பின் தெரியாதவர் எதிரே சட்டையைக் கழற்றுகிற இடம் எது என்று யோசித்தேன். நெய்வேலியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் நடக்கிற உடம்புப் பரிசோதனை. 'மெடிக்கல்' என்பார்கள். ஒரு காண்டிராக்டருக்காக அந்தப் பந்தலை நான் பலமுறை போட்டிருக்கிறேன். நாலு பக்கமும் நீலத் துணி. கயிறு கட்டிய வரிசை. முதலில் எடை மிஷின், அடுத்து உயரம் அளக்கிற பலகை, அடுத்து பிரஷர், கடைசியில் திரை போட்ட அறை. நுழைய முன்னால் ஒரு வழி, வெளியேறப் பின்னால் வேறொரு வழி. அந்த வரிசையில் நிற்கிறவனை யாரும் கேலி செய்யமாட்டார்கள். பொறாமைதான் படுவார்கள்.

அன்று சாயந்திரமே கடைத்தெருப் பந்தலைப் பிரித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் அந்தப் பந்தலைப் போட்டேன். பல்பு கிடையாது. வாழை மரம் கிடையாது. ஆடு மிச்சம் வைக்கவும் இல்லை. அறிவிப்பாளன் வாயைத் திறக்கக் கூடாதென்று உத்தரவு. காந்திமதியும் மற்றவர்களும் நாற்காலிகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கயிறு கட்டிய வரிசை நிரம்பி, வளைந்து, பஸ் ஸ்டாண்ட் சுவர் வரை போயிருந்தது. ஒவ்வொரு பெண்ணுக்குப் பக்கத்திலும் அவள் புருஷன். ஒவ்வொரு புருஷன் கையிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே ரேஷன் கார்டு, ஜாதிச் சான்றிதழ், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த காகிதத்தின் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ.

வரிசையின் நடுவில் ஏழுமலை. ஒரு பக்கம் காந்திமதி, இன்னொரு பக்கம் அவன் அம்மா.

"என்னா ஏழுமல, நேத்து முடியாதுன்னியாமே?"

"நேத்து வேறண்ணே." கண்ணடித்தான். "லேடீஸ வேலைக்கு எடுக்கறாங்களாமே?"

"எவன்டா சொன்னான்?"

"எவன் சொல்லணும்? நான் நின்ன பந்தலு எனக்குத் தெரியாதா? அதே எட மிஷினு, அதே நீலத் துணி. நேத்து ஆட்டோவுல ஊரக் கூட்டுனீங்க, அது சும்மா கண்ணுக்கு. இன்னிக்கி மைக்கே இல்ல. மைக் இல்லன்னாலே நெசம்னு அர்த்தம். நம்மகிட்டயேவாண்ணே?"

எனக்கு வாயடைத்துவிட்டது. அது சுலபத்தில் நடக்கிற காரியமல்ல.

வரிசையில் நடந்த கூத்தைக் கேளுங்கள். எடை குறைந்தால் கழித்துவிடுவார்களாம். அதனால் ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தை முடித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தியின் புருஷன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, "குடி, இன்னும் குடி, மிஷின்ல ஏறி எறங்கறவரைக்கும் தாங்கு" என்கிறான். ஒருவன் மனைவிக்குப் பாடம் நடத்துகிறான்: "பட்டன் போன்ல கத்தற மாரி கத்தாத, மரியாதையா பேசு. மூணு ஷிப்டும் வருவியான்னு கேட்டா வருவேன்னு சொல்லு." இன்னொருவர் யாரோ ஒரு தலைவரிடம் சிபாரிசு எழுதி வாங்கி வந்து, டாக்டரம்மா கையில்தான் கொடுப்பேன் என்று நிற்கிறார்.

பெயர் எழுதும் மேஜையில் சங்கத்து அம்மா ஒருவர், ஏழுமலையின் தாயாரைப் பார்த்து வயது கேட்டார்.

"முப்பத்தெட்டு."

"உங்க பையனுக்கு?"

"அவனுக்கு முப்பத்தஞ்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் காலத்துல சீக்கிரமே கட்டிக் குடுத்துட்டாங்க" என்றாள்.

பிரஷர் மட்டும் பார்த்து அவளை ஓரமாக உட்கார வைத்தார்கள். வயசைக் காட்டிக் கழித்துவிட்டார்கள் என்று அவள் மருமகளை முறைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"பந்தல்காரரே, ஒரு அம்மா என்னைக் கேக்கறாங்க, எந்த மைன்ஸ்ல போடுவீங்கன்னு. என்ன நடக்குது இங்க?"

சொன்னேன்.

"உடனே மைக்கை எடுத்து உண்மையைச் சொல்லுங்க. பொய்யை நம்பி ஒரு பொண்ணு என் மேஜையில படுத்தா, அது பரிசோதனை இல்ல, அக்கிரமம்."

நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும்வரை இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். காலியான பந்தலை நிரப்புவதை என்னிடம் கற்றுக்கொள்ளலாம். நிரம்பிய பந்தலைத் தன் வாயாலேயே கலைக்க மைக்கைக் கையில் எடுப்பது இருக்கிறதே, அதை யாரும் கற்றுத் தர முடியாது. காந்திமதிக்கு முன்னால் இன்னும் பல பேர் நின்றார்கள். இப்போது சொன்னால் ஏழுமலை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். இன்னொரு தடவை இந்த வாசலுக்கு அவள் வரமாட்டாள். என் வீட்டுக்காரி மோர்ப் பானைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

"டாக்டரம்மா, அதோ அந்தப் பொண்ணு உள்ள போனப்பறம் சொல்லட்டுங்களா?"

"யாருன்னு தெரியும், உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க. நானும் அவங்களுக்காகத்தான் காத்திருக்கேன். ஆனா அவங்க ஒருத்தருக்காக மத்தவங்கள ஏமாத்தலாமா?"

மைக்கை எடுத்தேன். மந்தாரக்குப்பம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: இங்கே யாருக்கும் வேலை கிடையாது, ஆளெடுப்பு கிடையாது, இது கர்ப்பப்பை வாயைப் பார்க்கிற பரிசோதனை மட்டும், வேலைக்காக வந்தவர்கள் தயவுசெய்து போகலாம்.

சொல்லி முடித்ததும் ஏழுமலை கைதட்டினான்.

"நல்லா சொன்னீங்கண்ணே! அப்புடித்தான் சொல்லணும்!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. "மேலேருந்து சொல்லச் சொல்லிட்டாங்க பாரு" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மைக்கை என்னிடமிருந்து பிடுங்கி, "நான் சத்தியம் பண்ணிச் சொல்றேன், இங்க வேலை எதுவும் இல்ல!" என்றார். உடனே ஒரு பெண் பக்கத்தில் நின்றவளிடம், "ஆபீசரம்மாவே வந்து இல்லன்றாங்கன்னா, எத்தினி பேரு எடுக்கறாங்களோ!" என்றாள். அதுவரை சந்தேகத்தோடு பஸ் ஸ்டாண்டில் நின்று வேடிக்கை பார்த்த ஆண்கள், மனைவியைக் கூட்டிவர வீட்டைப் பார்த்து ஓடினார்கள். போன்கள் அடித்தன. இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல வரிசை வளர்ந்தது. என் வாழ்நாளில் நான் செய்த அறிவிப்புகளில் அதிகக் கூட்டம் சேர்த்தது அதுதான்.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார்.

"உள்ள வந்தவங்க எந்தப் பக்கமா வெளிய போவாங்க?"

"பின்பக்கமாங்க. வரிசையில நிக்கறவங்களுக்குத் தெரியாது."

"உள்ள யாரு பரிசோதனை பண்ணிக்கிட்டாங்க, யாரு பண்ணிக்கலன்னு வெளிய தெரியுமா?"

"நான் போட்ட பந்தலுங்க. கொசுவுக்குக்கூடத் தெரியாது."

"அப்ப சரி. திரைக்குள்ள ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா உண்மையைச் சொல்றேன். வேணாம்னு சொல்றவங்க கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துட்டு, பின்பக்கமா போகட்டும்."

அப்படித்தான் நடந்தது. தண்ணீர் கொடுக்க உள்ளே நின்ற என் வீட்டுக்காரி பிறகு சொன்னாள், பேர் சொல்லாமல். சில பேருக்கு உண்மையாகவே ஏமாற்றமாம். ஒருத்தி சாப்பிட்ட வாழைப்பழத்தை நினைத்து வருத்தப்பட்டாளாம். சில பேர் வேண்டாமென்று உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். ஆனால் நிறையப் பேர் சொன்னது ஒன்றுதான்: "வேலயெல்லாம் ஒண்ணும் இல்லன்னு எங்களுக்குத் தெரியும் டாக்டரம்மா. வெளிய நிக்கறாங்களே, அவங்ககிட்ட மட்டும் ரொம்ப அழுத்திச் சொல்லாதீங்க." நாலு பக்கமும் மூடிய இடத்தில், கேட்க ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்றதும், வருஷக்கணக்கில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார்களாம். மார்பில் கட்டி இருக்கிறதென்று காட்டியவர்கள்கூட உண்டு.

காந்திமதி உள்ளே போனபோது நான் பின்வாசலுக்குப் போய் மோர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஏழுமலை பந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

அவள் வெளியே வர நேரமாயிற்று. வந்ததும், "என்னா, பாசா?" என்றான்.

காந்திமதி என்னிடம் மோர் வாங்கி, நின்று, முழுவதையும் குடித்தாள்.

"உள்ள வெள்ளையா தெரியுதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிட்டாங்க. துளியூண்டு சத எடுத்துப் பாப்பாங்களாம். இப்பவே பாத்தா சரியாயிடும்னாங்க. கர்ப்பப்பைய எடுக்கறதப் பத்திப் பேச்சே இல்லன்னாங்க."

"அப்ப வேல?"

"வேல இல்ல. அண்ணன் மைக்ல சொன்னாரே, நெசந்தான்."

ஏழுமலை என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன்.

"எனக்கு மாசக்கணக்கா ரத்தம் பட்டுகினு இருக்குது" என்றாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். ஷிப்டுக்கு நேரமாவுதுன்ன. பொங்கலுக்கு மின்னாடியும் சொன்னேன். எங்கம்மாவக் கேளுன்ன."

நான் கையில் கரண்டியோடு நின்றேன். அந்த இடத்தை விட்டுப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஏழுமலை கையிலிருந்த சான்றிதழ் கவரை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகலாம். அடிக்கக்கூடச் செய்யலாம்.

அதற்குள் அவன் அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"டேய், என்னாடா ஆச்சு? பாசா, பெயிலா?"

ஏழுமலை மனைவியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

"டெம்பரரி அன்ஃபிட்ம்மா."

"அப்புடின்னா?"

"எனக்கு ஒருவாட்டி பிரஷருன்னு நிறுத்தி வெச்சாங்கல்ல? வைத்தியம் பாத்துகினு போனப்பறம் எடுத்துகினாங்கல்ல? அது மாரிதான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறேன்."

"நாளைக்கு என்னாடா நாளைக்கு? இன்னிக்கே போ! வேற எவளுக்காவது ஆர்டர் போயிடப் போவுது!"

காந்திமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, பானையைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாளே அவன் ஷிப்டுக்குப் போகாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். புற்றாக மாறுவதற்கு முன்பே பிடித்துவிட்டார்கள். வைத்தியம் முடிந்து, சொன்ன தேதிகளில் எல்லாம் போய்க் காட்டி, பழையபடி என் ஷெட்டுக்கு வந்தாள். கர்ப்பப்பை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. மாமியார்தான் இன்றுவரை கடைத்தெருவில் என்னை மறித்து, "ஆர்டர் என்னாங்க ஆச்சு?" என்று கேட்கிறாள். மருமகளுக்கு வர வேண்டியதை நான் வெளியூர்க்காரிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாக நாலு பேரிடம் சொல்லியும் வருகிறாள். ஏழுமலை அவளைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை, மைக் வைத்துச் சொல்லியே நம்பாதவள்.

என் பந்தலைப் பார்த்துத்தான் ஊரே திரண்டது என்று நான் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் நாற்காலி கழுவிக்கொண்டே காந்திமதி சொன்னாள்.

"அண்ணே, அன்னிக்கி நீங்க பந்தல் போட்டு முடிக்கறப்பவே இருட்டிடுச்சு. ஆரு பாத்தாங்க? நான்தான் வூட்டுக்குப் போயி எங்கத்தகிட்ட சொன்னேன். அண்ணன் நாளைக்கு மெடிக்கல் பந்தலத்தான் போடறாரு, ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னு."

"வேலன்னு சொன்னியா?"

"அந்தப் பேச்சே எடுக்கலண்ணே. நீங்க போட்டது மெடிக்கல் பந்தலுதான? ஆருகிட்டயும் சொல்லாதீங்கன்னேன், அவ்ளோதான். எங்கத்தயப் பத்தி எனக்குத் தெரியாதா?"

என் ஆட்டோ நாள் முழுக்க டீசல் குடித்து ஒருத்தியைக்கூடக் கொண்டுவரவில்லை. அவள் ஒரு வாக்கியத்தில் மைதானத்தை நிரப்பிவிட்டாள்.

அந்த முகாமுக்காகச் சங்கம் ஒரு விழா வைத்தது. பெரிய போர்டில் போட்டோக்கள். டாக்டரம்மா இருந்தார், இருக்க வேண்டியவர்தான். சங்கத்து அம்மாக்கள் எல்லாரும் இருந்தார்கள். பழச்சாறு கொடுத்த கடைக்காரர்கூட இருந்தார். என்னைக் காணோம். ஒரு போட்டோவில் என் முழங்கை தெரிகிறது.

நீங்கள் இனி இந்த வட்டாரத்தில் பெண்களுக்கு எந்த முகாம் நடத்தினாலும், ரோட்டைப் பார்க்காமல் நாலு பக்கமும் மூடுங்கள். வருகிற வழி வேறு, போகிற வழி வேறு என்று வையுங்கள். வேண்டாம் என்று சொல்கிறவளும் மானத்தோடு வெளியே போக ஒரு வாசல் வேண்டும்; அது இருந்தால்தான் வேண்டும் என்று சொல்கிறவள் உள்ளே வருவாள். இதை டாக்டருக்குப் படித்தவர்கள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே அப்படிப் பந்தல் போடுகிற ஒவ்வொரு முறையும், யார் போட்ட முறை இது என்று போர்டில் எழுத வேண்டும். என் பெயரை முழங்கையளவு கொட்டை எழுத்தில் எழுத வேண்டும். காந்திமதி பெயரையும் பக்கத்தில் போடச் சொல்லலாம் என்று அவளைக் கேட்டேன். "எம் பேரு வேணாண்ணே, எங்கத்த பாத்தா ஆர்டர் வந்துடுச்சின்னு நெனச்சிக்குவாங்க" என்றுவிட்டாள். அதனால் அவளுடைய பங்கையும் சேர்த்து என் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.